டிரைவர் பக்கம் ஒரு பட்டை கூட

எங்கள் ஜீப்பில் ஏற என் மனைவிக்கு ஒரு முக்காலி வேண்டியிருந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வந்த ஏற்பாடு. கல்யாண மண்டப வாசலில் நான் முதலில் குதித்து ஓடி, முக்காலியைப் போட்டு, கையைப் பிடித்து இறக்குவேன். சாமி வாகனத்திலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சாமிக்கு அப்படித் தோன்றவில்லை. "இனிமே நான் எங்கயும் வரலைங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். இளம்பிள்ளையில் இருக்கும் சொந்த அக்காவைப் பார்த்தே எட்டு மாதம் ஆகிவிட்டது.

வண்டியை மாற்று என்றார்கள் அறிவுள்ளவர்கள். எனக்கு மனம் வரவில்லை. வயதாகிவிட்டது, சத்தம் அதிகம் என்பதற்காக மாற்ற ஆரம்பித்தால் வீட்டில் அடுத்து யார் என்ற கேள்வி வரும். வண்டியைத் தாழ்த்திவிடலாம் என்று முடிவு செய்தேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிற ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். நான் சொன்னதைக் கேட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"லாரிக்காரங்க எல்லாம் ஒரு பட்டை கூடப் போடுன்னுதான் வருவாங்க. எறக்குன்னு வந்த மொத ஆளு நீங்கதானுங்க. எறக்கறது பெரிசில்லை. டயரு மட்கார்டுல தேய்க்காம எறக்கோணும். யாரு யாரு உக்காருவீங்க, எத்தனை கிலோ?"

மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டேன். "எழுபத்தி ரெண்டு" என்றாள், கதவு எண் சொல்வது மாதிரி. அந்த எண்ணுக்கு மேலே போக எனக்கு மனசில்லை.

"எனக்கு அறுபத்தெட்டுங்க" என்றேன்.

பட்டைகளைக் கழற்றி, மட்கார்டின் உள்விளிம்பை மேலே மடக்கித் தட்டினார். டயர் ஓரத்தில் சுண்ணாம்பு பூசினார். தேய்த்தால் மட்கார்டில் வெள்ளைக் கோடு விழும். அடுத்த குடோனிலிருந்து கோழித்தீவனம் நிறுத்து வாங்கி, என் மனைவியின் இடத்தில் எழுபத்திரண்டு கிலோ மூட்டையை வைத்துப் பெல்ட் போட்டார். என் அறுபத்தெட்டில் தன் எடை போக மிச்சத்தைத் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பக்கத்து வெற்று நிலத்தில் வட்டம் அடித்தார்.

நான் வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலில் கிடந்து பார்த்தேன். வெயிலில் மலைகள் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதந்தன. புழுதிக்குள் ஜீப் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மூட்டை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. எட்டு மாதத்தில் அந்த இருக்கையில் யாரோ இருப்பதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. எழுப்பியபோது மட்கார்டு சுத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு இளம்பிள்ளைக்குக் கிளம்பினோம். முக்காலி இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். ஆனாலும் அதைப் பின்னால் எடுத்துப் போட்டிருந்தாள். "மறுபடி ஏதாச்சும் கோளாறுன்னா, இதுதான் கடைசிங்க" என்றாள்.

தாழ்ந்த வண்டியில் நாடே உயர்ந்துவிட்டது. சோளக்கதிர்கள் எங்கள் தலைக்கு மேலே நின்றன. முட்டை லாரி ஒன்று மாடிவீடு நகர்வது போலக் கடந்தது. பரிசலில் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் வேகத்தைக் குறைத்தேன். கூட்டினால் கலைந்துவிடும்.

கலைத்தது ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கி வண்டியை இடதுபக்கம் ஒடித்ததும் என் காலடியில் கர்ரென்று ஒரு சத்தம்.

"ஏனுங்க, ரப்பர் கருகற வாசம் வருது."

ஸ்பிரிங்காரர் பட்டறை நல்லவேளையாகப் பக்கம். அவர் குனிந்து பார்த்தார். என் பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு.

"மூட்டையோட ஓட்டறப்ப தொடலைங்களே" என்றவர் டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பார்வை என் வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கியது.

"இவரு எத்தனைன்னு சொன்னாருங்க?" மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அறுபத்தெட்டுங்க."

அவள் மலைப்பக்கம் பார்த்தாள். "கல்யாணத்தப்ப அவ்வளவுதான் இருந்தாருங்க" என்றாள்.

குடோனில் தீவன மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினார்கள். எண்பத்தாறு. அங்கிருந்தவர் பழக்கத்தில் சாக்கு எடையைக் கழிக்கலாமா என்று யோசித்தார்.

கழற்றிய பட்டைகளில் மெல்லிசாக ஒன்றை டிரைவர் பக்கம் மட்டும் திரும்பப் போட்டார். இந்தமுறை மூட்டை இல்லை. நாங்களே உட்கார்ந்து வெற்று நிலத்தில் வட்டம் அடித்தோம், இடப்பக்கமாகவே, தேவைக்கு மேல் நாலைந்து சுற்று. கோடு விழவில்லை. போதும், இறக்கிவிடுங்கள் என்று அவளும் கேட்கவில்லை.

இளம்பிள்ளையில் தறிச்சத்தம் நிறைந்த தெருவில், அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் என் கதவைத் திறப்பதற்குள் இவள் காலைத் தரையில் ஊன்றி எழுந்து நடந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியை நிழலில் விட்டு நான் உள்ளே போனபோது, பெரிய சிரிப்பு ஒன்று அடங்கிக்கொண்டிருந்தது. "வாங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "அறுபத்தெட்டுக்கு ஒரு தோசை போதுமுங்களா?"