லிட்கம் வீட்டின் வெள்ளிக்கிழமைப் பழுது

காரணம் கையில் கிடைத்த பிறகும் ஒரு மனிதனால் தன் சந்தேகத்தை வைத்துக்கொண்டிருக்க முடியுமா? சச்சிதானந்தனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். அந்த நகரின் புறப்பகுதியான லிட்கத்தில் வீடு வாங்கி, மனைவி விமலாதேவியுடன் வசித்தார். பின் அறையை யோகேஸ்வரன் என்ற இளைஞனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவனுடைய மனைவி அடுத்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக இருந்தது. அந்த அறையை நம்பித்தான் அவன் டிக்கெட் எடுத்திருந்தான்.

சமைக்கிற குசினியில் தரையோடு ஒட்டியிருந்த பிளக் பொயின்ற்றை மாற்றி, அப்போது புதிதாக வந்த பாதுகாப்பு வகையை அவர் பூட்டினார். போகிற மின்சாரம் முழுவதும் திரும்பி வராவிட்டால், எங்கோ கசிகிறது என்று அது உடனே நின்றுவிடும். பின் அறைக்கும் மின்சாரம் அதன் வழியாகவே போனது. அவருடைய சுபாவத்துக்கு ஏற்ற சாமான்தான்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் வேலையால் வரும்போது அது நின்றிருக்கும். சனி காலையில் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடவாததுபோல வேலை செய்யும். குளிர்சாதனப் பெட்டி, கேத்தல், அயர்ன் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். எதிலும் பழுதில்லை. மிஞ்சியது பின் அறை. வெள்ளிக்கிழமையில் யோகேஸ்வரன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவர் அவனைக் கேட்ட வெள்ளிக்கிழமை மாலையில், அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிற நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, உம்மடை அறையிலை என்ன ஓடுது?"

"ரேடியோ மட்டும்தான் அண்ணை."

"வெள்ளிக்கிழமையிலை மட்டும் கசியிற ரேடியோவோ?"

"என்ரை ரேடியோ விரதம் ஒண்டும் பிடிக்கிறேல்லை."

விமலாதேவி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் இருந்த பழைய ஹீட்டரை இழுத்தெடுத்தார்.

"அது பழுது அண்ணை. இஞ்சை ஒருநாளும் போடேல்லை."

"பழுதான சாமானை ஆரும் ஒளிச்சு வைப்பினமோ? ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை வேறை இடம் பாரும்."

"மனுசி வரப்போறா அண்ணை…"

அவர் குசினிக்குப் போனார். மெயினை நிறுத்திவிட்டு, பிளக் பொயின்ற்றின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஈரம். ஈரத்தில் மஞ்சள் நிறம்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் குசினித் தரையில் மஞ்சள் தண்ணீரை வாளியோடு ஊற்றி, தும்புத்தடியால் பின்கதவுப் பக்கம் தள்ளிக் கழுவுவது விமலாதேவியின் வழக்கம். ஊர் வீட்டில் பிளக் பொயின்ற் இடுப்புக்கு மேலே இருந்தது. தண்ணீர் அங்கே எட்டாது. அந்த வீட்டில் அவர் ஒன்றுமே விசாரிக்காத ஒரே ஆள் அவள்.

"ஐயோ, நான் ஊத்தின தண்ணியே?" என்றாள். "அப்ப அந்தப் பிள்ளையை நிக்கச் சொல்லுங்கோவன்."

"ஓம்" என்றார்.

சனிக்கிழமை பிளக் பொயின்ற்றை மேசைக்கு மேலே உயர்த்திப் பூட்டினார். நல்ல சுத்தமான வேலை. அதை மறுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யோகேஸ்வரனின் பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைத்தார்.

"தண்ணியாலைதான் எண்டு அக்கா சொன்னவ அண்ணை" என்றான் அவன்.

"ஏறும்" என்றார்.

பக்கத்து ஓபர்னில் அவனுடைய சிநேகிதன் ஒருவனின் வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டு வந்தார். ஏன் என்று விமலாதேவி பல தடவை கேட்டாள். நானும் ஒருமுறை கேட்டேன். அவர் சொல்லவேயில்லை.