மூலையில் விட்ட கதிர்

இஸ்ரேலில், ஹைஃபா நகரில் நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. யூதப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் மட்டும் ஓயாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் ஓய்வுநாளுக்கு விளக்கேற்றியதும், பாத்திரம் கழுவப் போகிற என்னை அதட்டிச் சாப்பாட்டு மேஜையில் தன் பக்கத்திலேயே உட்கார வைப்பார்.

"எனக்கு ஓய்வு என்றால் என் வீட்டில் வேலை செய்கிற உனக்கும் ஓய்வு. இது என் தயவு இல்லை, எங்கள் வேதத்தின் கட்டளை" என்பார்.

பிறந்ததிலிருந்து சும்மா உட்கார்ந்தறியாதவள் நான். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. இறந்துபோன கணவர், துபாயில் இருக்கும் மகன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு, எல்லாம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரும். வெள்ளிக்கிழமைகளை நான் வெறுத்தேன்.

எனக்கு வயல் உண்டு என்று தெரிந்ததும் அவர் இன்னொன்று சொன்னார். வயலை முழுக்க அறுக்கக் கூடாதாம். ஒரு மூலையை இல்லாதவர்களுக்கு விட வேண்டுமாம். "யாருக்கு என்று நீ முடிவு செய்யக் கூடாது. அது உன்னுடையதே இல்லை."

ஏழு வருஷம் கழித்து ஊர் திரும்பினேன். வீட்டில் என்னோடு பேச டி.வி. மட்டும்தான். தை மாதம் சம்பா அறுவடைக்கு எல்லோரையும் போல மெஷினைக் கூப்பிட்டேன். மத்தியானத்துக்குள் வயல் மொட்டை. முன்பெல்லாம் இருபது பெண்கள் இரண்டு நாள் அறுப்பார்கள், வம்பும் சிரிப்புமாக வயலே கலகலக்கும். கிழக்கு மூலையை மட்டும் விடச் சொன்னேன். மெஷின்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வந்து அறுத்துக்கொள்ளச் சொல்லி, முன்பு அறுப்புக்கு வந்த பெண்களின் தெருவுக்கு ஆள் அனுப்பினேன். ஃபிளாஸ்கில் காபியோடு வரப்பில் போய் நின்றேன். பெரிய புண்ணியவதி என்று நினைப்பு. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது நாலு மனிதக் குரல். மூன்று நாள் நின்றேன். ஒருவரும் வரவில்லை. காபியை நானே குடித்தேன்.

நான்காம் நாள், நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எங்கள் வயலை அறுத்த அக்கா பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். நிறுத்திக் கேட்டேன்.

"ஏங்கக்கா, ஒருத்தரும் வரலியே?"

"மூலைய விட்டிருக்கீங்க, காப்பியோட வரப்புல நிக்கிறீங்க, பாத்தோம். நடு வயலு எங்க வேல இல்லீங்களா? அத மெஷினுக்குக் குடுத்துட்டு மிச்சத்துக்கு எங்களக் கூப்புடுறீங்க. நீங்க நின்னு பாக்க, நாங்க வந்து பொறுக்கணுமா?"

சுருக்கென்றது. நல்லது செய்தால் இப்படியும் பேச்சா என்று முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. ஹைஃபா அம்மா என்னை உட்கார வைத்து வேடிக்கை பார்த்ததில்லை. மூலையைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு வசதியான பாதியை மட்டும் நான் ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன்; அது என்னுடையதே இல்லை என்ற பாதியை அங்கேயே விட்டுவிட்டேன். அந்தக் கதிர் முழுக்க உதிர்ந்து மண்ணுக்குப் போயிற்று.

அடுத்த தையில் மெஷின்காரர் போன் செய்தபோது வேண்டாம் என்றேன். அக்காவின் வாசலுக்கு நானே நடந்தேன். அவரே வெளியே வந்து பார்த்தார்.

"எத்தன ஆளு வேணும்?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

"மூலையையும் சேத்து அறுத்துரலாமா?"

"அது உங்க இஷ்டம். நான் அன்னிக்கு வயப்பக்கமே வரலக்கா."



"வராம? காப்பி யாரு கொண்டாருவா?"