தொட்டா சுர்ருங்குது

என் அக்கா வாஷிங் மெஷின் மெக்கானிக். அவள் வேலை பார்க்கும் கடையில்தான் நான் பில் போடுகிறேன். கடைக்கு ஒரு வலைப்பூ உண்டு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அக்கா அதில் நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் எழுதியிருக்கிறாள். பிரிவுகளுக்குப் பெயர் வைத்தது மட்டும் முதலாளி. 'வடிகால் அமைப்பு', 'சுழற்சிச் சமனின்மை', 'மின்கசிவு'. படிக்க வந்தவன் தலைதெறிக்க ஓடுவான். இவற்றில் எதிலும் அடங்காதவை 'இதர' என்ற பிரிவில் கிடந்தன. அக்கா எழுதியதில் பாதி அங்கேதான்.

போன மாதம் ஒரு பெண் பின்னூட்டம் போட்டிருந்தார். "மெஷினைத் தொட்டா சுர்ருங்குது. மூணு மாசமா ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் துவைக்கிறேன். இப்போ பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா, பயமா இருக்கு. இதைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா? தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல."

எழுதியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பே, படத்தோடு எழுதியிருந்தாள். 'மின்கசிவு' என்ற பிரிவுக்குள் அது பத்திரமாக இருந்தது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்க, எர்த் ஒயரை ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் மெஷின் பக்கமே போகாதீங்க என்று உடனே பதில் போட்டாள். பிறகு பின்கட்டுக்குப் போய் அழுதாள். அக்கா லேசில் அழுகிறவள் இல்லை. எனக்கு முதலாளி மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

மறுநாள் எல்லாப் பிரிவுகளையும் கலைத்துப் போட்டாள். ஜனங்கள் போனில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அதுதான் இனிப் பெயர். 'தண்ணி போகல', 'குதிக்குது', 'கதவு திறக்கல'. எல்லாவற்றுக்கும் மேலே, 'தொட்டா சுர்ருங்குது'. 'இதர'வுக்கு மங்களம் பாடிவிட்டாள்.

முதலாளி பார்த்துவிட்டுக் குதித்தார். அதற்கும் ஒரு பிரிவு இருக்கத்தான் செய்தது.

"ஏம்மா, இது கடையா, சந்தையா? 'சுர்ருங்குது'ன்னு ஒரு தலைப்பா? கம்பெனிக்காரன் பாத்தா காறித் துப்புவான். சாயங்காலத்துக்குள்ள 'மின்கசிவு'ன்னு மாத்து. இல்லேன்னா நாளையிலேருந்து வராத."

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வாயை மூடிக்கொண்டு மாற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மாற்றிவிடேன் என்று கண்ணால் ஜாடைகூடக் காட்டினேன், வெட்கக்கேடு.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மாத்துறேன் சார். அந்தம்மா வீட்டு விலாசம் வாங்கித் தர்றேன். நீங்க போய் செருப்பைக் கழட்டிட்டு, வெறுங்காலோட அந்த மெஷினைத் தொடுங்க. தொட்ட உடனே உங்க வாயில 'மின்கசிவு'ன்னு வந்துச்சுன்னா, அதையே தலைப்பா வைக்கிறேன்."

முதலாளி போகவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு அக்கா வேலைக்கு வந்தாள்.