தறி வீட்டில் ஒரு கேமிங் பி.சி.

1. பட்ஜெட்

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் அசெம்ப்ளி டேபிள் என்னுடையது. கடை திறந்த காலத்திலிருந்து அங்கேதான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கம்மி பட்ஜெட்ல கேமிங் பி.சி. எப்படி மேடம் போடறது?" என்பதுதான். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிராபிக்ஸ் கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். கேபினெட் மட்டமானதாக இருந்தால் போகட்டும். கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கலர் கலராக லைட் எரிகிற ஃபேன்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவனை வாசலோடு அனுப்பிவிட எனக்கு ஆசை; முதலாளி விடமாட்டார்.

பார்ட்ஸைப் பற்றி அவ்வளவுதான். மற்றதை ஏகாம்பரம் என்ற கஸ்டமரிடம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றும்.

நெசவு ஊரான நகரியில் நாலு பவர்லூம் தறி வைத்து ஓட்டுகிறவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். தலைமுடியிலும் சட்டைக் காலரிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு கேமின் பெயரைச் சரியாகச் சொல்லி, அது ஓடுகிற மாதிரி குறைந்த விலையில் ஒரு மெஷின் வேண்டும் என்றார்.

"பையனுக்கா சார்?"

"எனக்குத்தாம்மா."

அன்றைக்கு எனக்கு வேலை தலைக்கு மேல். "விளையாடாதீங்க சார்" என்று கடுப்படித்தேன்.

"விளையாடத்தானேம்மா கேக்கறேன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பிறகு விஷயம் வெளியே வந்தது. அவர் மகன் தினகரன், தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறான். இவர் தெருவில் நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு போனவன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். போன் எடுப்பதில்லை.

"லீவு நாளானா இந்த கேம்லதான் உக்காந்துனு கீறானாம். எங்க அக்கா பையன் சொன்னான். பேசிக்கினே விளையாடுவாங்களாமே? நான் பேசமாட்டேம்மா. கொரல் கேட்டா போதும்."

கடுப்படித்ததற்கு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு பார்ட்டையும் நானே தேடிப் போட்டேன். ஹெட்செட் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

"காத மூடிக்கினா நூல் அறுந்து தறி நின்னா எப்டிம்மா தெரியும்? ஸ்பீக்கரே குடு."

2. போர்வை

சில வாரம் கழித்துப் போன் வந்தது.

"ரெண்டு நிமிஷம் அவன் கொரல் வருதும்மா. அதுக்குள்ள மெஷின் ஆஃப் ஆயிடுது."

அவர் பேசுவது பாதி கேட்கவில்லை. "தறிய நிறுத்திட்டுப் பேசுங்க சார்" என்று கத்தினேன்.

"தறியா? ஓ, ஆமா. ஓடிக்கினுதான் கீது" என்றார். தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். வரும்போது ஒரு வெப்கேமும் எடுத்து வரச் சொன்னார். என்றைக்காவது மகன் முகத்தைக் காட்டச் சொன்னால் தயாராக இருக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். தறிக்கூடத்தை ஒட்டிய அறை. கேபினெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மடிப்பாகத் துணி வைத்துத் தைத்து, இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்ன சார் அநியாயம் இது? மெஷின் மூச்சு விட வேணாமா?"

"பஞ்சு உள்ள பூடும்னுதாம்மா. நம்ம தறில ஓட்டின துணிதான், நல்ல துணி."

பிள்ளைக்குக் குளிரும் என்று போர்த்துகிற மாதிரி போர்த்தியிருக்கிறார். அதை என்னவென்று திட்டுவது? துணியைக் கிழித்து எடுத்தேன். முன்பக்கம் மட்டும் மெல்லிய வலை வைத்தேன். ஃபேனைத் துடைத்து, சூடு தணிய ப்ராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட் போட்டேன். வெப்கேமைச் சொருகினேன். "ஒரு கேம் முழுசா ஓட்டிப் பாருங்க, நின்னா பாத்துக்கலாம்" என்றேன்.

3. மூன்றாவது தறி

'ரேணிகுண்டா ராஜா' என்பது அவர் கேமில் வைத்துக்கொண்டிருந்த பெயர்; அப்பா என்று தெரியாமலே மகன் அவரை ஃப்ரெண்டாகச் சேர்த்திருந்தான். ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் மகனின் பெயர் பச்சையாக, ஆன்லைனில் இருந்தது. டீமில் சேர்ந்ததும் ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"ராஜாண்ணா, எங்கூடவே வாங்க. செவுத்துக்குப் பின்னாடி நில்லுங்க. நான் கீறேன், பயப்படாதீங்க."

ஏகாம்பரம் சொன்னபடி சுவருக்குப் பின்னால் போய் நின்றார். சுடவும் இல்லை, நகரவும் இல்லை. மகன் அவரைக் காப்பாற்றிக்கொண்டே விளையாடினான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணா, உங்க மைக் ஆன்ல கீது. இன்னா சத்தம் அது?"

வெப்கேமில் மைக்கும் உண்டு. சொருகியதும் கேம் அதைத் தானாக எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் நாலு தறியும் தடதடத்துக்கொண்டிருந்தன. அவருக்கு அது சத்தமே இல்லை.

"தறி ஓடுதே. நீங்க நகரியா?"

மைக்கை அணைக்க நான் மவுசை எட்டிப் பிடிக்கப் போனேன். ஏகாம்பரம் என் கையைத் தடுத்துவிட்டார்.

"நைனா?"

அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறான். அவர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"மூணாவது தறில நாடா அடிக்கிற சத்தம் மாறிக் கேக்குது. வார் தளந்திருக்கும். நாடா பறந்து யார்மேலனா பட்டுடப்போவுது, நிறுத்திப் பாரு" என்றான் தினகரன். அத்தோடு அவன் பெயர் லிஸ்ட்டில் மங்கிவிட்டது.

ஏகாம்பரம் எழுந்து போய்த் தறியை நிறுத்தினார். நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டையை அடித்துத் தள்ளுகிற தோல் வார் தளர்ந்துதான் இருந்தது. "கரெக்டா சொல்லிட்டாம்மா" என்று சொல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"ஏன் சார் ஒரு வார்த்தை பேசல?"

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரல. வேற எதப் பேசினாலும் பொய்யா பூடுமே."

அடுத்த வாரம் கடைக்கு மறுபடி போன் வந்தது.

"அவன் பேரே லிஸ்ட்ல இல்லம்மா. மெஷின்ல எதனா கோளாறா? எடுத்துக்கினு வரட்டுமா?"

பக்கத்தில் நின்ற முதலாளி, "பர்லேதும்மா, தெச்சி இவ்வமனு, எடுத்துக்கிட்டு வரட்டும். ஃபார்மேட் போட்டு சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கோ" என்றார். கடையில் வழக்கமாக நடப்பதுதான் அது. கஸ்டமர் கோளாறு என்றால் நாங்களும் கோளாறு என்போம். ஏகாம்பரமும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன்.

"அப்ப, அவனே என்ன லிஸ்ட்லருந்து எடுத்துட்டானா?"

"ஆமா சார்."

"சரிம்மா. நேர்ல போய்த்தான் சொல்லணும்போல."

புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கோளாறு மெஷினில் இருந்தால் கையை வையுங்கள். இல்லையென்றால் இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறினாலும் சரி.

அதற்கப்புறம் நகரியிலிருந்து சர்வீஸ் கால் வரவில்லை. எங்கள் தொழிலில், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். அவர் போனாரா, மகன் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தானா என்று போன் பண்ணிக் கேட்கலாம். எனக்குத்தான் தைரியம் வரவில்லை.