இடது கைக்கு ஒரு கத்தி

கே.ஜி.கண்டிகையில் கல்பனா வீடு எது என்று கேட்டால் எந்தக் கல்பனா என்பார்கள். பீச்சாங்கை கல்பனா என்றால் கையைக் காட்டி வழி சொல்வார்கள். அதற்கெல்லாம் அவள் இப்போது கோபப்படுவதில்லை.

ஆந்திர எல்லை தாண்டி நகரிச் சாலையில் ஒரு நாற்றுப் பண்ணை. அங்கே பதினொரு வருடமாக மா ஒட்டுக் கட்டுகிறாள். கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். நல்ல மரத்திலிருந்து வந்த குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு போலச் சீவி அந்தப் பிளவில் இறக்கி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரத்தில் குச்சி தளிர்த்தால் பிடித்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் கறுத்துவிடும். பிடித்த செடிக்குத்தான் கூலி. கல்பனா கட்டினால் நூற்றுக்கு எண்பது பிடிக்கும். மேடையில் உட்காரும் ஆறு பெண்களில் அவளுடையதுதான் அதிகம்.

போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இனிமேல் கனம் தூக்கக் கூடாது. பண்ணையில் மற்ற வேலை எல்லாமே கனம்தான். மண் பை நிரப்ப வேண்டும், தூக்கி வரிசை மாற்ற வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். களை எடுக்கக் குனிந்தால்கூட அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. உட்கார்ந்து செய்யக்கூடியது ஒட்டு ஒன்றுதான். அதற்கு ஒரு கத்தி வேண்டும்.

கத்தி இருந்தது. மடக்கினால் நடுவிரல் நீளம். மரப்பிடி, பித்தளை ஆணி. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் குச்சியில் படிந்து போனால்தான் வெட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். கடையில் விற்பதெல்லாம் வலது கைக்குத் தீட்டியவை. எட்டு வருடத்துக்கு முன் வாங்கியதை, ஒரு மழைக்காலம் முழுக்கக் கல்லில் தேய்த்துச் சரிவைப் பக்கம் மாற்றியிருந்தாள். அதன் பிறகு அது அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. உர மூட்டையைப் பிரிப்பது, காலில் தைத்த முள்ளை எடுப்பது, வெங்காயம் அரிவது எல்லாம் அதில்தான். வேறு யாராவது வாங்கி எதையாவது வெட்டினால் கோணலாக வரும். சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிடுவார்கள்.

அதைக் கெடுத்தது ஆயுத பூஜை.

அவள் புருஷன் துரைக்கண்ணு ஆட்டோ ஓட்டுகிறான். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தான். ஒன்று மிஞ்சியது. வீட்டுக்குள் முருகன் படத்தின் முன்னால் அவளுடைய கத்தியை விரித்து வைத்து, குங்குமம் தொட்டு, அந்தப் பழத்தை அதன் முனையில் குத்தி வைத்தான். கண் படக் கூடாதாம். கல்பனா குழாயடியிலிருந்து வந்தபோது பழம் பாதிக் கத்தி வரை இறங்கி, சாறு வழிந்து நின்றது. அந்த இரும்புக்குப் புளிப்பு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். மாங்காய் அரிந்தாலே உடனே துடைத்துவிடுவாள். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டாமல் எடுக்கக் கூடாது. ஒரு ராத்திரிதானே என்று விட்டாள்.

விடிந்ததும் தூரத்துப் பங்காளி வீட்டில் சாவு என்று செய்தி வந்தது. மூன்று நாள் தீட்டு. விளக்கு ஏற்றக் கூடாது, சாமி இருக்கும் பக்கம் போகக் கூடாது. அந்த மூன்று நாளும் அவள் வாசற்படியில் நின்று கத்தியைப் பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது கையை நீட்டினாள். அப்புறம் இழுத்துக்கொண்டாள். நான்காம் நாள் தலை முழுகி எடுத்தபோது பழம் சுருங்கி ஒட்டிப்போயிருந்தது. பிடுங்கினால் கத்தி கறுப்பாக வந்தது. கூரில் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகப் பொடிக் குழிகள்.

கல்லில் தீட்டினாள். குழிகளும் கூடவே உள்ளே போயின. அந்தக் கத்தியோடுதான் அந்த வாரம் நூற்றைம்பது கன்று கட்டினாள். வெட்டில் மெல்லிய கோடுகள் விழுவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. நாடாவை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து நாற்பத்தொன்று தளிர்த்தது. மீதி கறுத்தது.

மேடையில் பக்கத்து இடம் கோமளவல்லியுடையது. வயதில் மூத்தவள். வரிசையைப் பார்த்துவிட்டு, மரத்துக்குக்கூடப் பீச்சாங்கை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றாள்.

“பதினோரு வருஷமா புடிச்சிதேக்கா. இப்பதான் அதுக்குத் தெரிஞ்சிதா?” என்றாள் கல்பனா. மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி பரந்தாமன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயம். சனிக்கிழமை எல்லோரும் கிளம்பும்போது அவளை மட்டும் நிறுத்தினார். திங்கட்கிழமை இமாம்பசந்து குச்சி வருகிறது, ஒரே தாய் மரத்துக் குச்சி, குளிருக்கு முன் கடைசிச் சுற்று என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்.

“ஒனக்கு நூறு தரேன். பாதிகூட புடிக்கலன்னா மாசிக்கு வேற ஆள வெச்சிக்கச் சொல்ட்டாரு நைனா. பை ரொப்பறதுன்னா வா.”

நைனா என்பது முதலாளி. பை நிரப்ப அவளால் முடியாது என்பது பரந்தாமனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை வேலைக்குத் திரும்ப எடுத்தவரே அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பையில் மாங்குச்சிகளை நிரப்பிக்கொண்டு திருத்தணிக்கு பஸ் ஏறினாள். கத்தியைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. சீவிப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரக் கடைகளில் மடக்குக் கத்திகள் வேல் டாலர்களுக்குப் பக்கத்தில் தொங்கின. பிடியில் மயில், பின்னால் பாட்டில் திறப்பான். ஒன்றை விரித்தாள். தகடு பக்கவாட்டில் ஆடியது. குச்சியில் வைத்து இழுத்தால் பட்டை கிழிந்தது. வைத்துவிட்டாள்.

மார்க்கெட் பக்கம் வேதாசலத்தின் இரும்புக் கடை. விவசாயச் சாமான் எல்லாம் கிடைக்கும். அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து அசல் ஒட்டுக் கத்தி ஒன்றை எடுத்துத் தந்தார். கையில் வைத்ததுமே தெரிந்தது, நல்ல இரும்பு. திறந்தால் டக்கென்று நின்றது. பிடி உள்ளங்கைக்குச் செய்த மாதிரி இருந்தது. ஒரு குச்சியை எடுத்துச் சீவினாள். கத்தி கட்டைக்குள் முங்கிக்கொண்டு போனது. இரண்டாவது, மூன்றாவது குச்சியிலும் அப்படித்தான். சுருள் சுருளாகச் சீவல் கவுண்டர் மேல் விழுந்தது.

“கத்தி வாங்க வந்தியா, அடுப்புக்குச் சுள்ளி ஒடைக்க வந்தியாம்மா?” என்றார் வேதாசலம்.

“இது சோத்தாங்கைக்குத் தீட்னதுங்க.”

“கத்தியில ஏதும்மா எடது வலது? செருப்பா அது? திருப்பிப் புடி.”

“திருப்புனா கூர் மேல போயிடும்ங்க.”

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

அந்த இரும்பில் சரிவை மாற்ற இன்னொரு மழைக்காலம் வேண்டும். அவளிடம் இருந்தது அந்த ஒரு பகல். பெட்டியின் ஓரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்று கிடந்தது. மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரிவு. சாணையில் கொடுத்தால் அரைமணியில் ஒரு பக்கமாகிவிடும். நல்லதைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். விரல் உடனே விடவில்லை. சிவப்பை வாங்கினாள். சீவலை அவளே முந்தானையில் வாரிக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவர் மொபெட்டில் சாணைக்கல் பூட்டி வைத்திருந்தார். எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும், எந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது என்று கல்பனா விரல் வைத்துக் காட்டினாள். ஒரு தேய்ப்புக்கு ஒரு முறை தண்ணீரில் முக்கச் சொன்னாள். இருபது வருடமாகச் சாணை பிடிக்கிறேன் என்றார் அவர். இரண்டு முறை முக்கினார். பஸ்காரன் ஒருவன் கூப்பிட்டதும் திரும்பிப் பேசினார். கத்தி கல்லிலேயே இருந்தது. பொறி பறந்தது. அவள் கத்துவதற்குள் எடுத்துவிட்டார்.

முனையிலிருந்து பாதி வரை நீலம் பாய்ந்திருந்தது. சூடு ஏறி நீலமான இரும்பு செத்த இரும்பு. கூர் வரும், நிற்காது.

“நீலம் நல்லாத்தானே கீது,” என்றார் அவர்.

அவள் அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். திருப்பதி பஸ் வந்தது, போனது. வேதாசலத்திடம் திரும்பிப் போகலாமா என்று நினைத்தாள். போனால் இதைப்போல இன்னொன்று கிடைக்கும். அதைத் தீட்டவும் இதே சாணை, இதே ஆள். நகத்தால் தகட்டைத் தடவிப் பார்த்தாள். பிடிக்குப் பக்கத்தில் ஓர் அங்குலம் வெள்ளையாக இருந்தது. நீலம் அங்கே எட்டவில்லை.

ஒட்டுக் குச்சியை ஒரே இழுப்பில் சீவ வேண்டும். நிறுத்தி மறுபடி இழுத்தால் வெட்டில் படி விழும். அவள் கை பழகியது முனையிலிருந்து தொடங்கும் நீள இழுப்பு. முழங்கையிலிருந்து வரும். ஓர் அங்குலத்தில் அது முடியாது. மணிக்கட்டைத் திருப்பி, குச்சியையும் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அதைத்தான் செய்தாள். மாங்குச்சி தீர்ந்தது. வாசல் கொய்யாவின் கீழ்க்கிளைகளும் தீர்ந்தன. வெட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சொரசொரத்தால் எறிவாள். முதலில் பத்துக்கு ஒன்று சரியாக வந்தது. இருட்டுகிற நேரத்தில் பாதி வந்தது.

பூஜைக்கு அப்புறம் துரைக்கண்ணுவோடு அவள் சரியாகப் பேசியிருக்கவில்லை. அவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, குவிந்து கிடந்த குச்சிகளைப் பார்த்தபடி நின்றான்.

“நான் வோணா வந்து மேஸ்திரிகிட்ட சொல்றேன். பழம் குத்துனது நான்தான்னு.”

“சொல்லு. என்ன அனுப்ச்சிட்டு ஒன்ன ஒக்கார வெப்பாரு.”

அவன் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூலையில் சேர்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, “நீயாவது எடுத்திருக்கலாம்,” என்றான். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது. மூன்று நாள் வாசற்படியில் நின்றவள் அவள்.

திங்கட்கிழமை ஈரச் சாக்கில் சுற்றி இமாம்பசந்து குச்சி வந்தது. பரந்தாமன் எண்ணி நூறு வைத்துவிட்டு நகர்ந்தார். கல்பனா சிவப்புக் கத்தியைத் திறந்தாள். முதல் பத்து நன்றாக விழுந்தது. இருபதில் இழுப்பு கனத்தது. வெள்ளை அங்குலமும் அவள் நினைத்த அளவு நல்லதில்லை. முப்பத்திரண்டாவதில் கூர் மடிந்து, கத்தி குச்சியை விட்டு வழுக்கி வலது கட்டைவிரலில் இறங்கியது.

குச்சியில் ரத்தம். அதைத் தூர எறிந்தாள். தாய் மரத்துக் குச்சி ஒன்று குறைந்தது. கோமளவல்லி பார்த்தாள். இந்த முறை பீச்சாங்கை பற்றிப் பேசவில்லை. தன் கத்தியைத் துடைத்து மேடையில் அவள் பக்கம் தள்ளினாள்.

“இந்தாடி. இதுல கட்டு.”

“உன்னுது என் கைக்கு வராதுக்கா.”

கோமளவல்லிக்கும் அது தெரியும். கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

விரலைக் கட்ட நாடா வேண்டும். கல்பனா இடுப்பிலிருந்து பழைய கத்தியை எடுத்துத் திறந்து, நாடாவைப் பிடியோரமாகக் கொடுத்து வெட்டினாள். நாடா இழுபடாமல், பிசிறில்லாமல் துண்டானது. விரலைச் சுற்றிக் கட்டி முடித்த பிறகுதான் அது உறைத்தது. கத்தியை வெளிச்சத்தில் பிடித்தாள். எலுமிச்சம்பழம் பாதி வரைதான் இறங்கியிருந்தது. பிடிக்குப் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்குக் கறுப்பும் இல்லை, குழியும் இல்லை. மூன்று வாரமாக அவள் அதைப் பார்க்கவில்லை. கறுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய நீள இழுப்பில் கறுப்பு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஓர் அங்குலத்தில் சீவ நேற்றுத்தான் கற்றிருந்தாள்.

குச்சியை எடுத்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். வெட்டைக் கன்னத்தில் வைத்தாள். சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. மீதி அறுபத்தெட்டையும் கட்டி முடித்தபோது கட்டைவிரலில் நாடா சிவந்து ஒட்டியிருந்தது.

மூன்று வாரம் மழை. வரிசைப் பக்கம் அவள் போகவில்லை. கோமளவல்லி போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்பாள். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாளோ என்று கல்பனா அவள் முகத்தையே பார்ப்பாள்.

எண்ணும் நாளில் பரந்தாமன் பின்னால் நடந்தாள். அவள் செடிக்கு அடையாளச் சீட்டு தேவையில்லை. நாடா எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். முதல் வரிசை பெரும்பாலும் கறுப்பு. முப்பத்தொன்றில் ஒன்பதுதான் தளிர்த்திருந்தது. அதற்கடுத்த வரிசைகளில் செம்புநிறத் தளிர்கள். பரந்தாமன் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே போனார். ஐம்பத்திரண்டு. கூட்டி அறுபத்தொன்று என்று எழுதினார்.

“மாசிக்கு வந்துடு,” என்றார். “கத்தி மாத்துனியா?”

“ஆங்,” என்றாள்.

இப்போதும் பழைய கத்திதான் அவள் இடுப்பில் இருக்கிறது. வெங்காயம் அரிய, மூட்டை பிரிக்கச் சிவப்பை எடுக்கிறாள். துரைக்கண்ணு வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்குப் பழம் வைக்கும்முன் கத்தி எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பழத்தைக் கையில் எடுக்கிறான்.

அந்த ஓர் அங்குலத்துக்கு இனி ஒவ்வொரு நாளும் கணக்கு. ஒட்டுக் கட்டுகிற நாளில் இரண்டு முறை தீட்ட வேண்டும். தீட்டத் தீட்ட இரும்பு குறையும். மாசியில் கன்று இருநூறு இருநூறாக வரும். அந்தப் பருவம் முடிவதற்குள் கூர் உள்வாங்கிப் பிடியோடு போய்ச் சேர்ந்துவிடும். அதற்குள் கைக்கு வருகிற இன்னொன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சிப் பையோடு திருத்தணிக்குப் போகிறாள். அவள் படியேறுவதைப் பார்த்ததும் வேதாசலம் எதுவும் கேட்காமல் கவுண்டர் மேல் சீவல் விழப் பழைய பேப்பரை விரித்துவிடுகிறார்.