காதர் பாய் நம்பிய புகார்கள்

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் கைப்பேசியில் காதர் பாயின் பெயர் வந்தது. கடையைத் திறந்து அரை மணி நேரம் ஆகியும் அவர் வரவில்லை. எடுத்த எடுப்பில், "என்ன பாய், விடிஞ்சிருச்சா உங்களுக்கு? வர்றப்ப ரெண்டு பன் வாங்கிட்டு வாங்க, லேட்டுக்கு அபராதம்" என்றேன். 

"செல்வி, நான் ஜைத்தூன் பேசுறேன்" என்றார் அவருடைய மனைவி. "விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்தாரு. கை கால் கழுவி ஒளு செய்யப் போனவரு அங்கேயே உட்காந்துட்டாரும்மா. மௌத்தாயிட்டாரு, உசுரு போயிருச்சு."

"சரிக்கா" என்றேன்.  ஒரு லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பாக்கி இருந்த நான்கு திருகாணிகளையும் முடுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பாயைத் தெரியும். பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றியபிறகு வைஃபை வரவில்லை என்றால், நீங்கள் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடையில் நானும் அவரும் ஏழு வருடம் எதிரெதிர் மேசையில் வேலை செய்தோம். உடைந்ததைக் கழற்றி மாட்டுவது நான். உள்ளே ஓடுவதைப் பார்ப்பது அவர். அவர் வளைகுடாவில் கேபிள் இழுக்கும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அவரைப் பற்றி என்னையே எழுதச் சொல்லிவிட்டீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சேர்ந்த முதல் வாரம் தொட்டியத்திலிருந்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் லேப்டாப்போடு வந்தார். லினக்ஸ் ஏறிவிட்டது, வைஃபை மட்டும் இல்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்க வேண்டும். இறக்குவதற்கு இன்டர்நெட் வேண்டும். "கடைச் சாவியைக் கடைக்குள்ளேயே வெச்சுப் பூட்டுன கதையால்ல இருக்கு?" என்று நான் சிரித்தேன். பாய் தன் போனைக் கேபிளால் லேப்டாப்பில் செருகினார். போனிலிருந்து இன்டர்நெட் போயிற்று, டிரைவர் இறங்கியது, வைஃபை வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "சாவி சட்டைப் பையில இருக்கு செல்வியம்மா. நீங்க பூட்டை மட்டும் பாத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஈடுகொடுக்க ஓர் ஆள் கிடைத்தார்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வைதேகி மாமியின் கதையை நான் கூட்டத்தில் ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னால் மாட்டிக்கொள்வேன். மாமி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் பாசுரம் சொல்லிக்கொடுக்கிறவர். பெருமாள் உள்ளின், அதாவது பூஜை அறையின், வாசலில் உட்கார்ந்துதான் வகுப்பு எடுப்பார். ஒருநாள் கடைக்கு வந்து, "கூடத்துல நன்னா வரது. பெருமாள் உள்ளுக்கிட்ட போனா நின்னு போயிடறது" என்றார்.

"பெருமாளுக்கு இன்டர்நெட் ஆகலை போல மாமி" என்றேன் நான். மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. "எப்பலேர்ந்து மாமி?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மதியம் முழுவதும் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடையில் ரவுட்டர் இரண்டடி தள்ளி இருக்கிறது. "இங்க வேலை செஞ்சா கணக்கில்லை. அவங்க உட்கார்ற இடத்துல வேலை செய்யணும்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். மாமியிடம் கேட்டு, மாமி உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தார். சிக்னல் செத்தது. அங்கேயே அடிமூடியைக் கழற்றினார். வைஃபை அட்டைக்குக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு ஆன்டெனா வயர்கள் வரும். முனை கடுகளவு இருக்கும். வெள்ளை வயர் மாட்டப்படாமல் கிடந்தது. பத்து நாள் முன்னால் அந்த லேப்டாப்புக்கு விசிறி மாற்றியது நான். வயரைத் திரும்ப அழுத்த மறந்திருக்கிறேன்.

மாமியிடம் அவர் சொன்னது, "வயர் லேசா தளந்திருந்துச்சு மாமி." கடைக்கு வந்து என்னிடம் சொன்னது, "வெள்ளையன் ஊர் சுத்திக்கிட்டு இருந்தான், பிடிச்சுக் கட்டிட்டு வந்தேன்." அவ்வளவுதான். நான் அசடு வழிந்ததைப் பார்த்து இன்னும் ஒன்று சொன்னார்: "சிஸ்டம் தப்பாச் சொல்லும் செல்வியம்மா. உட்கார்ந்து வேலை செய்யிற மனுஷன் சொல்றதை மட்டும் நம்பிடணும்."

அவர் போவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் வந்து உட்கார்ந்த பாய் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நேத்துலேர்ந்து ஒரு மாதிரி இழுக்குது செல்வியம்மா" என்றார்.

"நாள் முழுக்க லேப்டாப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்காந்திருந்தா இழுக்காம கொஞ்சுமா? எல்லாம் வெறும் பிடிப்பு பாய். டிமிக்கி குடுக்கப் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டீங்க."

அவர் சிரித்தார். பத்து மணிக்கு மாமி கூப்பிட்டார். அப்டேட் போட்டதில், பாய் கையால் ஏற்றிவைத்திருந்த டிரைவர் விழுந்து, வைஃபையே காணோம், சாயங்காலம் வகுப்பு. பாய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் குனிந்து வேலையாக இருந்தேன். "போயிட்டு வரேன்" என்றார். "ம்" என்றேன். ஸ்ரீரங்கத்திலிருந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதுவரை ஜைத்தூன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகத்தைக் காட்டினார்கள், பார்த்தேன். அழுகை வரவில்லை. அடுத்த நாள் கடையைத் திறந்தேன். வந்தவர்களிடம் கேலி பேசினேன், அவர்களும் சிரித்தார்கள். வாய் தன் பாட்டுக்கு ஓடிற்று.

வெள்ளிக்கிழமை மாமி கூப்பிட்டார். "காதர் பாய் இல்லையா? எப்பவும் சரி பண்ணினா ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணி, வரதான்னு கேட்பார். கேக்கவே இல்லை. நன்னா வரதுன்னு நானே சொல்லிடலாம்னுதான்."

சொன்னேன். "பெருமாளே" என்றார் மாமி. பிறகு, "அன்னிக்கு இங்கே தோளைத் தடவிண்டேதான் உட்கார்ந்திருந்தார்" என்றார். "டாக்டரைப் பாருங்கோளேன்னு சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமோ? 'செல்வியம்மாகிட்ட சொன்னேன் மாமி, வெறும் பிடிப்புதான்னு சொல்லிட்டாங்க'ன்னார்."

மாமி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் கிண்டலுக்குச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

அன்று மாலை ஜைத்தூன் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கிட்டயும்தான் சொன்னாரு. நானும் தைலம் தேய்ச்சுத்தானே விட்டேன்" என்றார்.  மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

அன்றைக்கு டாக்டரிடம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறீர்கள். சரி. கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய மேசை அப்படியே இருக்கிறது. லினக்ஸ் எனக்கு வராது, அதை உங்களில் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ஒருவர் வந்து இப்படி இருக்கிறது என்று சொன்னால், வாயைத் திறக்கும் முன்னால் எழுந்துபோய்ப் பார்ப்பது.

போன வாரம் என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, நெஞ்சு கரிக்கிறது என்றார். எனக்கு நாக்கு நுனியில் ஒரு கேலி வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழி நெடுக, "சுண்டல் சாப்பிட்டதுக்கு ஆஸ்பத்திரியாடி? ஊரே சிரிக்கும்" என்று அவர்தான் கேலி பேசிக்கொண்டு வந்தார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் கேஸ்தாம்மா. எதை வெச்சு இவ்வளவு பயந்தீங்க?" என்று கேட்டார்.

"வலிக்குதுன்னு சொன்னாருங்க" என்றேன்.