வயிற்றுக்கு நல்லது

சித்தூரில் எங்கள் சபையார் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆளுக்கொரு பிரெட் பாக்கெட்டோடு வருவார்கள். அந்தக் காலத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிரெட்டும் பாலும் கொடுத்துப் பழக்கியது. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குப் பிரெட் என்றால் பாதி மருந்து, பாதி கௌரவம். என் மனைவிக்கு வயிறு கெட்டுக் கிடந்த இரண்டு வருஷமும் எங்கள் வீட்டு அலமாரியில் பிரெட் தீர்ந்ததே இல்லை. தின்றால் வயிறு உப்பும். நாலைந்து முறை வெளியே போவாள். சுருண்டு படுப்பாள். படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு இன்னும் இரண்டு பேர் பிரெட்டோடு வருவார்கள்.

அவள் கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்துப் பெண். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் தின்று வளர்ந்தவள். எங்கள் வீட்டில் களி கிண்டுவது கிடையாது. நாங்களும் ஒரு காலத்தில் அதைத் தின்றுவிட்டுத்தான் கூலிக்குப் போனோம் என்பது யாருக்கும் ஞாபகம் வந்துவிடக் கூடாது, வேறு காரணமில்லை. காலையில் பிரெட், இரவில் சப்பாத்தி. "அவளுக்கு நல்ல சாப்பாடு துன்னு பழக்கமில்ல, அதான் வவுறு ஒத்துக்க மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

எடை முப்பத்தெட்டுக் கிலோவுக்கு இறங்கி, சீப்பை வைத்தால் முடி கொத்தாக வர ஆரம்பித்த பிறகுதான் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் துளி சதை கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் அவள் உடம்புக்கு ஆகாது, அதைத் தின்னத் தின்னக் குடலின் உட்புறம் தேய்ந்துபோய், எதைச் சாப்பிட்டாலும் சத்து ஒட்டுவதில்லை என்றார் டாக்டர். "கோதும வத்து" என்று தெலுங்கில் மூன்று முறை சொன்னார். கோதுமை வேண்டாம், மைதா வேண்டாம், ரவை வேண்டாம், துளிகூட வேண்டாம். இப்படியே விட்டால் ஆள் மிஞ்சமாட்டாள் என்பதை, அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் நான் வீட்டில் போலீஸ்காரன் ஆனேன். பிரெட்டையெல்லாம் தூக்கி வெளியே போட்டேன். தோசைக்கல்லைக்கூடப் புதிதாக வாங்கினேன். அவளும் சொன்னபடி இருந்தாள். கோயிலில் திருவிருந்தின்போது கோதுமையில் செய்த அப்பத்தை வாங்காமல் திராட்சை ரசப் பாத்திரத்தில் மட்டும் வாய் வைத்தாள். எங்கள் சபையில் அப்பம் வாங்காதவர் என்றால், ஏதோ தப்பு செய்ததால் ஆயர் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தாள்.

முதல் மாதம் கொஞ்சம் தேறினாள். பிறகு அதுவும் நின்றுபோனது. வயிறு பழையபடி உப்பியது. ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, "எங்கியோ கோதுமை உள்ள போகுது சார். வீட்ல கேளுங்க" என்றார்.

கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. திருப்பதியிலிருந்து வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர்கள் காதில் விழும்படி, "எனக்குத் தெரியாம இன்னாத்த துன்னுக்கினு இருக்கற?" என்றேன்.

"ஒண்ணும் துன்னலங்க."

"பக்கத்து வீட்ல பிஸ்கட்டு குடுத்தாங்களா?"

"சத்தியமா துன்னல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது குற்றமுள்ள முகம் என்று நான் முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அவள் பெட்டியைக் கிளறினேன், தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தேன், அவள் பைபிள் பையையும் விடவில்லை. ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இன்னும் கோபம் வந்தது. "வாயைக் கட்ட முடியல அவளால" என்றாள் அம்மா.

வயிறு உப்பும்போதெல்லாம் மோரில் பெருங்காயத்தூளைக் கலக்கி நானே அவளுக்குக் கொடுத்தேன். அம்மா சொல்லிக் கொடுத்த அளவு, தாராளமாக ஒரு ஸ்பூன். வயிற்றுக்கு அதைவிட நல்லது ஒன்று உண்டா? சில நாள் மூன்று வேளையும் கொடுத்தேன். "இத குடிச்சா இன்னும் உப்புதுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். "சாக்கு சொல்லாத, குடி" என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் அவள் நாலு புடவையை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. மூன்று மாதத்தில் நாற்பத்தாறு கிலோவுக்கு ஏறிவிட்டாள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். "இங்க திருடித் துன்னா, அங்க அது கெடைக்கல" என்று அம்மா அதற்கும் ஒரு கணக்கு சொன்னாள். நான் அதையும் நம்பினேன்.

எனக்கு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. டின்னில் ஒட்டும் லேபிளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன், வீட்டில் பெருங்காயம் தீர்ந்து கடைக்குப் போனபோதுதான் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மாவு என்று முதலில் அதுதான் போட்டிருந்தது. பெருங்காயம் அதற்கு அப்புறம்தான். கடையிலிருந்த மற்ற டப்பாக்களையும் திருப்பினேன். ஒன்றில் கோதுமை, ஒன்றில் மைதா. ஊரெல்லாம் கலந்து விற்பதுதான் இது, ஒளித்து வைத்த விஷயமும் இல்லை. படிக்கத் தெரிந்த நான்தான் படிக்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு கங்காதர நெல்லூருக்குப் போனேன். அவள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பி, கையில் வளையல் நின்றது. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பூண்டுதான், பெருங்காயம் வாங்கும் வழக்கமே இல்லை என்று அவள் அம்மா சொன்னாள். நான் டப்பாவைக் காட்டி, எழுதியிருந்ததைப் படித்துக் காட்டி, "எனக்குத் தெரியாது" என்றேன். அதை இரண்டு மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் கடலையைக் கீழே வைக்கவில்லை.

"மாவு கலக்கறது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத வுடுங்க. துன்னலன்னு நான் சொன்னேனே, அது உங்க காதுல வுழுந்துச்சு இல்ல?"

வீட்டுக்கு வா என்றேன். இனி பெருங்காயமே வாங்கமாட்டேன் என்றேன்.

"வர்றேன்னு வச்சுக்கோங்க. மறுபடி ஒரு நாள் வவுறு உப்புது. அப்ப இன்னா செய்வீங்க?"

முதலில் அவளைத்தான் சந்தேகப்படுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.